22 நிமிடத்தில் ஒரு ரகசியம்: சிங்கப்பூர்த் தமிழ் நகைச்சுவைத் தொடருக்கு ஒரு பகுதி எழுதுவது எப்படி

நட்பு, காதல், குடும்பப் பற்று ஆகிய மூன்றையும் ஒரே பகுதிக்குள் கொண்டுவர நினைக்கும் புதிய எழுத்தாளர்கள் பெரும்பாலும் மூன்று தனிக் கதைகளை எழுதிக்கொண்டு வருகிறார்கள். நண்பர்கள் இருவர் சண்டையிட்டுச் சமாதானமாவது ஒன்று, ஒருவன் ஒருத்தியிடம் மனத்தைத் திறப்பது ஒன்று, அம்மா கோபித்துக்கொண்டு பிறகு மனம் இரங்குவது ஒன்று. 30 நிமிட ஒளிபரப்பு நேரத்தில் விளம்பரம், தலைப்பிசை எல்லாம் போகக் கதைக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 22 நிமிடம்தான். அதை மூன்றாகக் கூறுபோட்டால் ஒவ்வொன்றுக்கும் ஏழு நிமிடம் கிடைக்கும். ஏழு நிமிடத்தில் யாருக்கும் யார்மீதும் அக்கறை பிறக்காது. ஆகவே மூன்று கதைகளை எழுதாதீர்கள். மூன்று உறவுகளையும் ஒரே நேரத்தில் இழுக்கும் ஒரு செய்தியை உருவாக்கி, அதை யாராவது ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இது தமிழுக்குப் புதியதன்று. சங்க அகப்பாடல்களில் ‘அறத்தொடு நிற்றல்’ என்றொரு துறை உண்டு. தலைவியின் களவுக் காதலைத் தோழி, வளர்த்த தாயான செவிலிக்கு வெளிப்படுத்துவாள். செவிலி, பெற்ற தாயான நற்றாய்க்குச் சொல்வாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் தெரிவிப்பாள். செய்தி படிப்படியாக மேலேறும் இந்த வரிசையில் ஒவ்வொரு படியிலும் ஒருவர் நின்று, ‘சொன்னால் யாருக்குத் துரோகம், சொல்லாவிட்டால் யாருக்குத் துரோகம்’ என்று தவிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தவிப்புக்குச் சோகமும் ஆகும், சிரிப்பும் ஆகும். நமக்குச் சிரிப்பு வேண்டும் என்பதால் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்வோம்: மரபில் கடைசியாகத் தெரிந்துகொள்ளும் தமையனுக்கு, நம் கதையில் முதலில் தெரிந்துவிடுகிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். பாசிர் ரிஸ்ஸில் ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான அப்பா, வீட்டை ஆளும் அம்மா, மகன் பாலா, தங்கை மீனா. தேசிய சேவையில் பாலாவுடன் இரண்டாண்டு ஒரே படைப்பிரிவில் இருந்த ரவி, அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அந்த வீட்டில்தான் சாப்பிடுகிறான். அம்மாவை ‘அம்மா’ என்றே அழைக்கிறான். பாலாவும் அவனும் ஒருவரையொருவர் ‘மச்சான்’ என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ரவியும் மீனாவும் காதலிக்கிறார்கள் என்பது தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. குறைந்தபட்சம், யாருக்கும் தெரியாது என்று அந்த இருவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் இரண்டு நிமிடம்

தலைப்பிசைக்கு முன்னால் வரும் காட்சியில் செய்தி கை மாறிவிட வேண்டும். குடும்ப அறிமுகம், ‘காலை வணக்கம்’, சுவரில் தொங்கும் படங்கள் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் காதல் ரகசியம் வெளிப்படுவதற்கு மிக இயல்பான வழி காதல் கடிதமோ கைப்பேசிப் படமோ அன்று, வீட்டு விண்ணப்பம். இங்கே பல இளையர்கள் ‘என்னைத் திருமணம் செய்துகொள்வாயா’ என்று கேட்பதற்கு முன்பே ‘பிடிஓ போடலாமா’, அதாவது வீவக கட்டவிருக்கும் புது வீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா, என்று கேட்டுவிடுகிறார்கள். திருமணம் நிச்சயித்துக்கொண்ட இருவர் பதிவுக்கு முன்னரே சேர்ந்து விண்ணப்பிக்க வீவக திட்டம் இடமளிக்கிறது. சாவி வாங்கிய மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்டினால் போதும். தனியாளாக வாங்க வேண்டுமென்றால் 35 வயது ஆகியிருக்க வேண்டும். சட்டவிதி போலத் தோன்றும் இந்த 35 என்ற எண்ணே நமக்கு முதல் சிரிப்பைத் தரப்போகிறது.

காப்பிக்கடையில் பாலாவும் ரவியும் உட்கார்ந்திருக்கிறார்கள். வீடு தேர்ந்தெடுக்கும் வரிசையில் தன் எண் என்ன என்ற தகவல் ரவியின் கைப்பேசிக்கு வருகிறது. துள்ளி எழுகிறான்.

ரவி: மச்சான், நம்பர் வந்துருச்சுடா! தெங்காவுல நாலறை வீடு! கியூ நம்பர் நல்ல நம்பர்!
பாலா: டேய், சூப்பர்டா! இரு, தே தாரிக் என் செலவு.
(கடைக்காரரிடம் இரண்டு விரலைக் காட்டுகிறான். தேநீர் வருகிறது. ஒரு மிடறு குடிக்கிறான்.)
பாலா: சிங்கிளுக்கு முப்பத்தஞ்சு வயசு ஆகணுமேடா. ஒனக்கு இருபத்தெட்டுதானே?
(மௌனம்.)
பாலா: யாரோட போட்ட?

மேசைமேல் இருக்கும் ரவியின் கைப்பேசி ஒலிக்கிறது. திரையில் மீனாவின் பெயர். பாலா அதைப் பார்க்கிறான். தலைப்பிசை.

இந்தக் காட்சியில் நகைச்சுவை வரி என்று தனியாக எதையும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். பாலா மகிழ்ச்சியாகத் தேநீர் வாங்கித் தந்த பிறகுதான் கணக்குப் போடுகிறான். சிரிப்பு அந்தத் தாமதத்தில் இருக்கிறது. நடிகர் மிடறு குடிக்க எடுத்துக்கொள்ளும் மூன்று நொடியைப் பிரதியிலேயே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் படத்தொகுப்பில் அதுதான் முதலில் வெட்டப்படும்.

தடை எது என்று முடிவு செய்தல்

காதலுக்குத் தடை சாதி, பணம், மதம் என்று எழுதப் பழகிவிட்டோம். சிங்கப்பூரிலும் அவை இல்லாமல் இல்லை. ‘அவங்க எந்த ஊர்க்காரங்க?’ என்று ஒரு பெரியவர் சாதாரணமாகக் கேட்கும் கேள்விக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பது நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் 22 நிமிட நகைச்சுவைப் பகுதியில் அதை இறுதித் தடையாக வைத்தால், அதைத் தீர்க்க முடியாமல் கடைசியில் ஒருவர் சொற்பொழிவு ஆற்ற வேண்டியிருக்கும். சொற்பொழிவு ஆற்றத் தொடங்கும் இடத்தில் நகைச்சுவை எழுந்து போய்விடும். அந்தக் கேள்வியை ஒரு மாமாவின் வாயில் ஒருமுறை வைத்து, அதற்கு அப்பா பேருந்து எண் சொல்லிப் பதிலளிப்பதாகக் கடந்துவிடலாம். ‘எந்த ஊரா? பன்னிரண்டாம் நம்பர் பஸ்ல போனா வரும்’ என்று ஓய்வுபெற்ற ஓட்டுநர் சொன்னால், அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது விளங்கிவிடும்.

நம் கதைக்கான தடை சிறியதாகவும், அதே நேரத்தில் உண்மையிலேயே வலிப்பதாகவும் இருக்க வேண்டும். தெங்கா தீவின் மேற்கில் இருக்கிறது. பாசிர் ரிஸ் கிழக்குக் கோடி. பெற்றோருக்கு அருகில் வீடு வாங்குவோருக்கு வீவக சலுகை தரும்போது ‘அருகில்’ என்பதற்கு 4 கிலோமீட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற அம்மாவின் ஆசைக்கு அரசாங்கமே அளவுகோல் கொடுத்திருக்கும் நாட்டில், பெண் தெங்காவுக்குப் போவது அயல்நாட்டுக்குப் போவதற்குச் சமம். தடையை இங்கே வைத்தால் குடும்பப் பற்று கதைக்குள் தானாக வந்துவிடும். ஆனால் இதைப் பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள். அவர்கள் கடைசிவரை அம்மா காதலைத்தான் எதிர்ப்பார் என்று எண்ணிக்கொண்டிருக்கட்டும்.

நடுப்பகுதி: மூன்று முயற்சிகள்

ரவி பாலாவிடம் கெஞ்சுகிறான்: ‘நீயே வீட்ல சொல்லுடா, நான் சொன்னா அம்மா சோறு போட மாட்டாங்க.’ பாலா ஒப்புக்கொள்கிறான். இப்போது அவன் கையில் செய்தி இருக்கிறது. நண்பனுக்காகப் பேச வேண்டும், தங்கையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, அம்மாவிடம் பொய்யும் சொல்லக் கூடாது. மூன்று கடமையும் ஒருவன் தலையில்.

பழைய தோழி இந்த வேலையை எவ்வளவு நயமாகச் செய்தாள் என்பதைப் பார்த்தால் நமக்கு ஒரு கருவி கிடைக்கும். ‘இவள் காதலித்தாள்’ என்று அவள் போட்டு உடைப்பதில்லை. பூ பறித்துக் கொடுத்தான், வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்டவளைக் காப்பாற்றினான், யானையிடமிருந்து மீட்டான் என்று தலைவனுக்கு ஒரு நன்றிக்கடனை முதலில் உருவாக்குவாள். பூத்தரு புணர்ச்சி, புனல்தரு புணர்ச்சி, களிறுதரு புணர்ச்சி என்று இவற்றுக்குப் பெயரும் உண்டு. பாலாவும் அப்படியே மூன்று கதைகளைத் தயாரிக்கட்டும். மழையில் ரவி குடை கொடுத்தான் என்பது ஒன்று. மின்தூக்கி நின்றுபோனபோது மீனாவோடு துணைக்கு இருந்தான் என்பது இரண்டு. யானைக்கு எங்கே போவது? ஆகவே மூன்றாவதாக, குப்பைத்தொட்டிப் பக்கத்தில் துரத்திய காட்டுப்பன்றி. பாசிர் ரிஸ்ஸில் காட்டுப்பன்றி தென்படுவது நம்பக்கூடியதுதான் என்பதால் இந்தக் கதை பொய்யாக இருந்தும் எடுபடும். எடுபடுவதே அவனுக்கு ஆபத்து.

மூன்று முயற்சியும் வெவ்வேறு விதமாகத் தோற்க வேண்டும். முதல் முயற்சி அப்பாவிடம். அவர் குடைக்கதையைக் கேட்டுவிட்டு, குடையைத் திருப்பிக் கொடுத்தாயா என்று மட்டும் கேட்கிறார். இரண்டாவது அம்மாவிடம், பாலா திக்கித் திணறி, ‘அம்மா, ஒரு பொண்ணு விஷயம்’ என்று தொடங்கியவுடன், அவன் தன் காதலைச் சொல்ல வந்திருக்கிறான் என்று அம்மா முடிவு கட்டிவிடுகிறார். மூன்றாவது முயற்சியில் காட்டுப்பன்றிக் கதை வீடு முழுக்கப் பரவி, உறவினர் வாட்ஸ்அப் குழுவில் மீனாவைப் பன்றி கடித்துவிட்டதாகவே செய்தி போய்விடுகிறது. முயற்சி ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைந்த நேரத்தில் முடிந்து, முந்தையதைவிடப் பெரிய சேதத்தை உண்டாக்கினால் நடுப்பகுதி தொய்யாது.

இரண்டாவது முயற்சியின் விளைவே நம் துணைக்கதை. ரகசியத்தைச் சுமந்து பாலாவுக்குச் சோறு இறங்கவில்லை. மகன் மெலிகிறான் என்று கண்ட அம்மா முதலில் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்கிறார். பிறகு கோயிலில் அர்ச்சனை. அதற்கும் பிறகு பெண் பார்க்கத் தொடங்குகிறார். மகள் மெலிவதைக் கண்டு, காதல் என்று அறியாமல், முருகன் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்திய சங்ககாலத் தாயின் நேர் வாரிசு இவர். வேறுபாடு ஒன்றுதான்: அந்தத் தாய்க்குக் காதலை நோயாகக் காணும் பிழை, இந்த அம்மாவுக்குக் குற்றவுணர்வைக் காதலாகக் காணும் பிழை. துணைக்கதையைத் தனியாகத் தேடி ஒட்டவைக்காமல் முதன்மைக் கதையின் கிளையாக இப்படி முளைக்க விட்டால், பிற்பாடு இரண்டையும் முடிச்சுப் போடும் வேலை உங்களுக்கு இருக்காது.

சிரிப்பு எங்கே வருகிறது, ஏன் வருகிறது என்று சோதிக்கத் தொல்காப்பியம் தரும் பட்டியலைவிடச் சுருக்கமானதை நான் பார்க்கவில்லை. அதன் மெய்ப்பாட்டியல் என்ற பகுதி நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு நிலைக்களன்களை, அதாவது சிரிப்பு பிறக்கும் இடங்களை, சொல்கிறது. பிரதியை எழுதி முடித்ததும் ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் இந்த நான்கில் எது என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். நான் முதன்முதலில் ஒரு சமூக மன்ற நிகழ்ச்சிக்காக எழுதிய நாடகத்தில் அப்படிக் குறித்தபோது பன்னிரண்டு காட்சியிலும் எள்ளல், எள்ளல் என்றே வந்தது. எல்லாரும் எல்லாரையும் கேலி செய்துகொண்டிருந்தார்கள், பார்த்தவர்கள் சோர்ந்துபோனார்கள். மேலே சொன்ன கதையில் அப்பாவின் குடைக் கேள்வி பேதைமை. கேட்டதை ஆராயாமல் மெய்யென்று கொள்ளும் வாட்ஸ்அப் குழு மடன். ரவி காப்பிக்கடையில் துள்ளுவது இளமை. எள்ளலை ஒரே ஒருவருக்கு மட்டும் விட்டுவைக்கலாம். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி இருக்கிறார். மூன்று மாதமாக மின்தூக்கி வாசலில் ரவியையும் மீனாவையும் பார்த்துக்கொண்டிருக்கும் அவர், பாலாவின் தவிப்பைக் கண்டு ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறார். மூன்று முறை வந்தால் போதும். இங்கே கவனம் தேவை: வேறு இனத்தவரைக் கதைக்குள் கொண்டுவந்தால் அவருடைய உச்சரிப்பைச் சிரிப்பாக்காதீர்கள். ஒளிபரப்பு விதிமுறைகள் இன, சமய உணர்வுகளைப் புண்படுத்துவதை அனுமதிப்பதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். நடைபாதை முழுக்க நடப்பதை அறிந்த ஒரே ஆளாக அவரை வைப்பது உச்சரிப்பைவிட நல்ல நகைச்சுவை.

சிரிக்காத ஒன்றரை நிமிடம்

ஏறக்குறைய 15ஆம் நிமிடத்தில் நண்பர்கள் இருவரும் சண்டையிட வேண்டும். அந்தக் காட்சியில் நகைச்சுவை வேண்டாம். புளோக்கின் கீழ்த்தளத்தில், இரவில், கல்மேசையில் இருவரும் உட்கார்ந்திருக்கட்டும். பாலாவின் கோபம் தங்கையைப் பற்றியதாக இருந்தால் அது பழைய திரைப்படக் கோபம். அவனுக்கு வலிப்பது வேறு: ‘ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை நீ என்னைப் பாக்க வர்றேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்டா.’ இந்த ஒரு வரிக்கு ரவியிடம் பதில் இருக்கக் கூடாது. பதில் எழுதினால் அது சமாதானமாகிவிடும். சமாதானம் இன்னும் ஐந்து நிமிடம் காத்திருக்கட்டும். நட்பும் காதலும் ஒன்றையொன்று உண்மையாகவே உரசும் இடம் இது ஒன்றுதான். இதை எழுதும்போது கை நடுங்காவிட்டால் முதலிலிருந்து பாத்திரங்களைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

உச்சம்

எல்லாரும் ஒரே அறையில் கூட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அதற்கென்றே இருக்கிறது. பாலாவுக்காக அம்மா வரவழைத்திருக்கும் பெண் வீட்டாரும் அதே நேரத்தில் வந்து உட்கார்ந்திருந்தால், தப்பித்துப் போகக் கதவே இல்லை. பாலா எழுந்து, தயாரித்து வைத்த கதை எதுவும் இல்லாமல், ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறான். அறத்தொடு நிற்றல் நிறைவேறியது. அனைவரும் அம்மாவைப் பார்க்கிறார்கள்.

அம்மா: ரவி, இனிமே என்னை அம்மான்னு கூப்பிடாத.
(ரவி தட்டிலிருந்து கையை எடுக்கிறான்.)
அம்மா: அத்தைன்னு கூப்பிடு. அதான் மொற. கைய ஏன்பா எடுத்த, சாப்பிடு.
மீனா: அம்மா, ஒனக்குத் தெரியுமா?
அம்மா: ரெண்டு வருஷமா ஞாயித்துக்கெழமை மட்டும் தலைக்குக் குளிச்சுப் பூ வெக்கிற. எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். சரி, வீடு எங்க?
ரவி: தெங்கா, அம்மா... அத்தை.
(அம்மா கரண்டியைக் கீழே வைக்கிறார்.)
அம்மா: தெங்காவா?

கோபம் இப்போதுதான் தொடங்குகிறது. மகளைச் சரியாகப் படித்த அதே அம்மா மகனைத் தவறாகப் படித்தார் என்பதும், இரண்டாண்டு காதலைப் பொறுத்துக்கொண்டவர் பெருவிரைவு ரயிலில் தீவைக் குறுக்காகக் கடப்பதைப் பொறுக்கவில்லை என்பதும் இங்கே ஒன்றுசேர்கின்றன. இந்தக் கோபத்தை முழுதாகத் தீர்த்துவைக்காதீர்கள். அப்பா எந்தெந்தப் பேருந்து, எங்கே மாற வேண்டும் என்று மேசைமேல் விரலால் வழி வரையத் தொடங்கட்டும். அம்மா அதைப் பார்க்காததுபோலப் பார்க்கட்டும். அடுத்த பகுதிக்கும் கொஞ்சம் கோபம் மிச்சம் வேண்டும் அல்லவா?

‘அம்மா, அத்தை’ மாற்றம் வேலை செய்ய வேண்டுமானால் முதல் ஐந்து நிமிடத்துக்குள் ரவி குறைந்தது நான்கு முறை ‘அம்மா’ என்று அழைத்திருக்க வேண்டும். ஆனால் யாரும் அதைச் சுட்டிக்காட்டிப் பேசியிருக்கக் கூடாது.

இடமும் மொழியும்

இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: வரவேற்பறையும் சாப்பாட்டு மேசையும், பொது நடைபாதை, காப்பிக்கடை, கீழ்த்தளம். நான்குக்கு மேல் போனால் தயாரிப்பாளர் உங்களை அழைத்துப் பேசுவார். மருந்தகக் காட்சியைக் காட்டத் தேவையில்லை. அம்மா மருந்துப்பையோடு வீட்டுக்குள் நுழைந்தால் போதும்.

மொழியில் அதிக நேரம் செலவிடுங்கள். உரையாடல் பேச்சுத்தமிழில் இருக்க வேண்டும். ஆனால் எல்லாரும் ஒரே பேச்சுத்தமிழ் பேசக் கூடாது. ஓய்வுபெற்ற அப்பா ‘பாசார்’ என்பார், மகள் ‘மார்க்கெட்’ என்பாள், ஊரிலிருந்து திருமணமாகி வந்த உறவுப்பெண் ‘சந்தை’ என்பாள். இந்த மூன்று சொல்லும் ஒரே சாப்பாட்டு மேசையில் ஒலித்தால் அது சிங்கப்பூர். சென்னைத் திரைப்படத்தில் கேட்ட வசவுகளையும் வழக்குகளையும் இளையர் வாயில் திணித்தால் அது எந்த ஊரும் அன்று. ஆங்கிலக் கலப்பு எவ்வளவு என்பது பழைய வழக்கு. 1999ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் கோ சோக் தோங், புவா சூ காங் என்ற தொலைக்காட்சிக் கதாபாத்திரத்தின் சிங்கிலிஷை, அதாவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தை, பற்றிப் பேசும் அளவுக்கு இந்நாட்டில் நகைச்சுவைத் தொடர்களின் மொழி பொது விவாதமாகியிருக்கிறது. என் அளவுகோல் எளிது: அந்த ஆள் அந்த இடத்தில் ஆங்கிலச் சொல்லைத்தான் சொல்வார் என்றால் அது இருக்கட்டும், தமிழ்ச்சொல் நினைவுக்கு வராததால் நான் போட்டது என்றால் எடுத்துவிடுவேன். ‘கியூ நம்பர்’ இருக்கும். ‘ஆக்சுவலி’ போய்விடும்.

திரையின் அடியில் ஆங்கில வசன வரிகள் ஓடக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ‘மச்சான்’ என்ற சொல் நண்பனையும் தங்கையின் கணவனையும் ஒருசேரக் குறிப்பதில்தான் நம் கதையின் பாதி நகைச்சுவை இருக்கிறது. அது எந்த வசன வரியிலும் ஏறாது. மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு குறிப்பு எழுதிக் கொடுப்பதோடு, சொல் புரியாதவரும் பாலாவின் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொள்ளும்படி காட்சியை அமைத்துவிடுங்கள்.

படப்பிடிப்புக்கு முன் நடிகர்களை மேசையைச் சுற்றி உட்காரவைத்துப் பிரதியைக் கடிகாரம் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற பொதுக் கணக்கைத் தமிழ்ப் பிரதிக்கு நம்ப வேண்டாம். எழுத்தும் சொல்லும் நீளம் என்பதால் பக்கம் கூடும், நேரம் கூடாது. யாரும் சிரிக்காத இடத்தில் நடிகர் விளக்கம் கேட்டால் வரியை வெட்டுங்கள். எல்லாரும் சிரித்த இடத்தில் கதை நகரவில்லையென்றால், மனம் ஒப்பாவிட்டாலும், அதையும் வெட்டுங்கள்.

கடைசியாக, பெயர்கள் ஓடும்போது வரும் அரை நிமிடக் காட்சி. மீண்டும் காப்பிக்கடை, அதே மேசை. சண்டை தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. இரண்டு தேநீர் இருக்கிறது. பாலா ஏதோ சொல்ல வாயெடுக்கிறான். ‘மச்...’ என்று தொடங்கி நிறுத்துகிறான். பல ஆண்டுகளாக வாய் ஓயாமல் சொன்ன சொல் இப்போது உறவுமுறையாகிவிட்டதால் தொண்டையில் நிற்கிறது. ‘மாப்ள’ என்று முயல்கிறான், சரிவரவில்லை. ‘ரவி’ என்கிறான், இருவருக்குமே கூச்சமாக இருக்கிறது. கடைசியில், ‘சார், பில்லு நீங்க குடுங்க’ என்கிறான்.